புத்தகத்தை அனுப்புவதா, பக்கங்களை அனுப்புவதா? கல்லூரி நூலகங்களின் இரவலும் பதிப்புரிமையும்

போன ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஆத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் நூலகர் கூப்பிட்டார். அவருடைய மாணவி ஒருத்தி சேர்வராயன் மலையின் ஆர்க்கிட் செடிகளைப் பற்றி எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்கிறாள். அவளுக்கு வேண்டிய தாவரவியல் நூல் 1980களில் அச்சானது. இப்போது கடைகளில் இல்லை. எங்கள் அலமாரியில் ஒரு படி இருக்கிறது. "சார், முழுசா ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப்ல போட்டு விட்டுருங்க. திங்கக்கிழமை கைடைப் பாக்கணுமாம், பொண்ணு அழுவுதுங்க" என்றார்.

சேலத்தில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்படி ஒரு பருவத்துக்கு ஐந்தாறு அழைப்பாவது வரும். ஓமலூரிலிருந்து வரும், மேட்டூரிலிருந்து வரும், ஏற்காட்டிலிருந்தும் வரும். எல்லோருமே ஒரு மாணவருக்காகத்தான் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டும் என்றுதான் எனக்கும் இருக்கிறது. எந்த வழியில் கொடுப்பது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். பயந்துகொண்டு எதையுமே தராதவர்கள் உண்டு, கேட்ட மாத்திரத்தில் முழுப் புத்தகத்தையும் பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. இந்தியச் சட்டம் சில இடங்களில் நாம் நினைப்பதைவிடத் தாராளமாகவும், சில இடங்களில் நாம் நினைப்பதைவிடக் கறாராகவும் இருக்கிறது. அந்த இடங்கள் எவை என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சொல்லில் ஒரு தெளிவு: நம்மில் பலர் 'காப்புரிமை' என்று எழுதுகிறோம். கண்டுபிடிப்புகளுக்கான பேடன்ட்டுக்கும் அதே சொல் புழங்குவதால், காப்பிரைட்டைப் 'பதிப்புரிமை' என்றே இங்கே எழுதுகிறேன். சட்டம் என்று சொல்வது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை. அதில் 2012-இல் பெரிய திருத்தம் வந்தது.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி: கையில் இருப்பது சொந்தமா, வாடகையா? விலை கொடுத்து வாங்கிய அச்சுப் புத்தகம் நூலகத்தின் சொத்து. சந்தா கட்டிப் படிக்கும் மின்னிதழ் வாடகை வீடு. குடியிருக்கலாம், ஆனால் ஒப்பந்தத்தில் இல்லாத இடத்தில் ஓர் ஆணி அடிப்பதற்கும் கேட்டுத்தான் அடிக்க வேண்டும்.

இரண்டாவது: பொருள் இடம் மாறுகிறதா, புதிதாக நகல் பிறக்கிறதா? பதிப்புரிமையின் மையமே நகல்தான். நகல் பிறக்காத வரை பெரும்பாலும் கவலை இல்லை.

மூன்றாவது: எவ்வளவு, யாருக்கு? ஒரு மாணவிக்கு ஓர் இயலா, 60 பேர் வகுப்புக்கு முழு நூலா?

கடைசியாக, எத்தனை நாளில் போய்ச் சேரும், என்ன செலவாகும் என்பது. இதில் தபால் கூலி சிறியது. ஊழியரின் நேரம், உடைந்த பைண்டிங், முடங்கிப்போன இணைய அனுமதி என்று கணக்கில் வராத செலவுகள்தான் பெரியவை.

பயிற்சி வகுப்புகளில் கேட்ட இரண்டு விதிகளை இங்கே ஒதுக்கிவைத்துவிடுங்கள். 'ஓர் இதழிலிருந்து ஆண்டுக்கு ஐந்து கட்டுரைக்கு மேல் நகலெடுத்து வாங்கக் கூடாது' என்பது 1970களின் இறுதியில் அமெரிக்காவில் உருவான வழிகாட்டுதல். 'பத்து சதவீதம் வரை எடுக்கலாம்' என்பதும் நம் சட்டத்தில் எழுதியிருப்பது அல்ல. எத்தனை கட்டுரை, எத்தனை சதவீதம் என்று இந்தியச் சட்டம் எண் எதையும் சொல்லவில்லை, நோக்கத்தைத்தான் பார்க்கிறது.

## புத்தகத்தையே அனுப்புவது

இதுதான் என் முதல் தேர்வு. சட்டத்தின் 14-ஆம் பிரிவு, படிகளைப் பொதுமக்களிடம் வெளியிடும் உரிமையை உரிமையாளருக்குத் தருகிறது. ஆனால் ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட படிகளுக்கு அந்த உரிமை செல்லாது என்று அதே இடத்தில் சொல்லிவிடுகிறது. வாங்கிய புத்தகத்தை இரவல் கொடுக்கலாம், இன்னொரு ஊருக்கு அனுப்பலாம். யாரிடமும் கேட்க வேண்டாம். சில நாடுகளில் நூலக இரவலுக்காக எழுத்தாளருக்கு அரசு பணம் தரும் ஏற்பாடு உண்டு, இங்கே அது இல்லை. புத்தகத்தோடு வரும் சிடிக்கும் பயப்பட வேண்டியதில்லை. லாப நோக்கமற்ற நூலகமோ கல்வி நிறுவனமோ முறையாக வாங்கிய படியை இரவல் தருவது 'வணிக வாடகை' ஆகாது என்று 2012 திருத்தம் தெளிவாக்கிவிட்டது.

டெல்லியை மையமாகக் கொண்ட நூலக வலையமைப்பான டெல்நெட் 1988 முதல் இந்த வேலையைத்தான் செய்துவருகிறது. உறுப்பினராக இருந்தால், பல நூலகங்களின் நூல்களும் ஒரே இடத்தில் உள்ள கூட்டு அட்டவணையில் தேடி வெளியூர் நூலகத்துப் புத்தகத்தையும் வரவழைக்கலாம். மாவட்டத்துக்குள் என்றால் அதுவும் தேவையில்லை, இரண்டு நூலகர்களின் கடிதம் போதும்.

செலவைச் சொல்கிறேன். அஞ்சல்துறை 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்ற சேவையைத் தொடங்கியது. கல்வி நூல்களுக்கு 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியில்தான் போகும், அதனால் அவசரத்துக்கு ஆகாது. எங்கள் பக்கம் கல்லூரிப் பேருந்தில் வரும் ஆசிரியர் கையில் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். அப்படிக் கொடுக்கும்போதும் இரண்டு நூலகங்களின் பதிவேட்டிலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இருப்புச் சரிபார்ப்பின்போது 'அண்ணன் ஒருத்தர்கிட்ட கொடுத்துவிட்டேன்' என்ற பதில் எடுபடாது.

மலைக்கு அனுப்புவது தனிக் கதை. ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டுக்குப் போய் வந்த புத்தகத்தை நுகர்ந்து பார்த்தாலே தெரியும். ஒருமுறை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போன அகராதி ஒன்று மூன்று வாரம் கழித்து வந்தது. பக்கங்கள் அப்பளம் போல அலையலையாக நெளிந்திருந்தன, முன்னட்டையின் உள்பக்கம் சாம்பல் நிறப் புள்ளிகள். மூடுபனி யார் குற்றமும் இல்லை. அதிலிருந்து மலைக்குப் போகும் புத்தகங்களைப் பாலித்தீன் உறையில் போட்டு, இரண்டு சிலிக்கா பொட்டலத்தையும் வைத்துத்தான் அனுப்புகிறோம். திரும்பி வந்ததும் ஒரு வாரம் தனி அலமாரியில் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே சேர்ப்போம்.

முழு நூலையும் படிக்க வேண்டியவருக்கு, இன்றும் கடையில் கிடைக்கிற நூல் என்றால், இதைவிட நல்ல வழி கிடையாது. தொலைந்தால் மறுபடி வாங்கவே முடியாத நூலை மட்டும் வெளியே விடாதீர்கள்.

## வேண்டிய பக்கங்களை மட்டும் நகலெடுத்துத் தருவது

நம் சட்டத்தில் 'நூலகங்களுக்கு இடையிலான இரவல்' என்று பெயர் சொல்லி எந்த விதிவிலக்கும் இல்லை. பிறகு எந்தத் தைரியத்தில் ஓர் இயலை ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறோம்? பிரிவு 52(1)(ஏ). ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளல் உரிமை மீறல் ஆகாது என்கிறது அது. உரிமை மாணவியுடையது, நாம் அவளுக்காக நகலெடுத்துத் தருகிறோம். இதை மனதில் வைத்தால் நடைமுறை தானாக வந்துவிடும். கேட்பவரின் பெயர், எந்தப் பக்கங்கள், எதற்காக என்று எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். ஒருவருக்கு ஒரு நகல்தான். அனுப்பிய பிறகு ஸ்கேன் கோப்பை நாம் வைத்துக்கொள்வதில்லை.

கடைசி விஷயத்தில்தான் இளைய நூலகர்கள் என்னோடு வாதம் செய்கிறார்கள். "அடுத்த வருஷமும் கேப்பாங்களே சார், வெச்சிருந்தா என்ன?" வைத்துக்கொண்டே போனால் இரண்டு வருடத்தில் ஒரு நூலின் பன்னிரண்டு இயல்களும் நம் கணினியில் சேர்ந்துவிடும். அப்போது அது மாணவியின் சொந்தப் பயன்பாடு இல்லை, நம் கல்லூரியின் திருட்டுப் பதிப்பு.

வகுப்பு முழுவதற்கும் என்றால் வேறு கதவு இருக்கிறது. பிரிவு 52(1)(ஐ), கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதை அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடைமீது 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் தொடுத்த வழக்கு இதைப் பற்றியதுதான். 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி கடைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். டிசம்பரில் வந்த இரு நீதிபதி அமர்வின் தீர்ப்பு, கற்பித்தலுக்கு அது தேவையா என்பதையே அளவுகோலாக வைத்தது. கற்பித்தல் என்பது வகுப்பறையில் பாடம் நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தோடு முடிவதில்லை என்றும் ஏற்றுக்கொண்டது. ஆகவே பாடத்திட்டத்தில் உள்ள கட்டுரைகளைத் தொகுத்து மாணவர்களுக்குத் தர ஆசிரியருக்கு இடமுண்டு. அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டி, பாடத்திட்டத்தில் இல்லாத நூலைக் கல்லூரிக் கல்லூரியாக அனுப்ப முடியாது.

கணக்கில் வராத செலவு இங்கே புத்தகத்தின் முதுகெலும்பு. பசை பைண்டிங் போட்ட பழைய நூலைக் கண்ணாடியில் கவிழ்த்து அமுக்கினால் 'சடக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு அந்த நூலுக்கு ஆயுள் குறைவு. புத்தகத்தைப் பாதி மட்டும் திறந்து, இரு பக்கமும் தலையணை போலத் துணி மடித்து வைத்து, மேலிருந்து செல்போனில் எடுப்பதே நல்லது. 20 பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

## முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்வது

'போட்டு விட்டுருங்க' என்று கேட்பது இதைத்தான். பதிப்புரிமை உள்ள நூலுக்குச் சட்டம் மூன்று குறுகிய கதவுகளைத் திறந்திருக்கிறது.

ஒன்று, தன்னிடம் அச்சுப் படி உள்ள நூலைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமித்தல். இன்னொன்று, இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலுக்கு நூலகத்தின் பயன்பாட்டுக்காக மூன்று படிகளுக்கு மிகாமல் எடுத்தல். இரண்டுக்குமே சட்டம் சொல்லும் தகுதி 'வணிக நோக்கமற்ற பொது நூலகம்'. நம் மாணவரும் ஆசிரியரும் மட்டும் நுழையும் கல்லூரி நூலகம் அதற்குள் வரும் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதனால் இவற்றைச் சிதைந்துகொண்டிருக்கும் நூலுக்கு மட்டும், முதல்வரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு பயன்படுத்துகிறேன். அப்படிச் சேமித்த கோப்பு நூலகத்தின் ஒரு கணினியை விட்டு வெளியே போகாது.

மூன்றாவது கதவு எனக்கு மிகவும் நெருக்கமானது. பிரிவு 52(1)(இசட் பி): மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு எந்த நூலையும் முழுதாக மாற்றித் தரலாம், அது அவர்களிடம் மட்டும் போக வேண்டும், செலவை மட்டுமே வாங்கலாம். பார்வைக் குறைபாடுள்ளோருக்கான மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடும் இந்தியாதான். எங்கள் கல்லூரியில் பார்வையற்ற மாணவர் ஒருவர் பி.ஏ. வரலாறு படித்தார். அவருக்காக ஒரு பாடநூலை ஸ்கேன் செய்து, படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் வந்து, "சார், பாதி புரியவே இல்லைங்க" என்றார். திறந்து பார்த்தால் 'ர' வர வேண்டிய இடங்களில் எல்லாம் துணைக்கால், துணைக்கால் வர வேண்டிய இடங்களில் 'ர'. கண்ணால் படிக்கிறவர் தாண்டிப் போய்விடுவார், திரையில் உள்ளதைச் சத்தமாகப் படிக்கும் திரைவாசிப்பான் மென்பொருள் அப்படியே உளறும். நானும் இரண்டு மாணவிகளும் மாலை நேரத்தில் உட்கார்ந்து திருத்தினோம், 240 பக்கத்துக்கு மூன்று வாரம். அந்தத் திருத்திய கோப்பை இன்னொரு கல்லூரியின் பார்வையற்ற மாணவருக்காக யாராவது கேட்டால் அன்றே அனுப்புவேன். ஒரே வேலையை ஏழு கல்லூரிகள் தனித்தனியே செய்துகொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தக் கதவுகளுக்கு வெளியே, முழு நூலை வாட்ஸ்அப் குழுவில் போடுவது உரிமை மீறல்தான். தெரிந்தே செய்தால் பிரிவு 63-இன்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. தண்டனையைவிட என்னை உறுத்துவது வேறு. குழுவில் விழுகிற புத்தகங்களில் பல, முந்நூறு, ஐந்நூறு படி மட்டும் அச்சிடும் சிறிய தமிழ்ப் பதிப்பாளர்களுடையவை.

## சந்தா கட்டிய மின்னிதழ்கள்

இது வாடகை வீடு. யாருக்கு வாடகை என்பதிலேயே சேலத்துக்குள் வேறுபாடு வந்துவிட்டது. 2024 நவம்பர் 25 அன்று ஆய்விதழ்களுக்கு ஒன்றிய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தை ஒன்றிய அமைச்சரவை ஏற்றது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். ஆனால் உயர்கல்வியில் அது மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும். எங்களைப் போன்ற தனியார் நிர்வாகக் கல்லூரிகளுக்கு இன்ஃப்ளிப்நெட் என்ற மத்திய நூலக வலையமைப்பு மையம் கல்லூரிகளுக்கு மின்னிதழ், மின்நூல்களைத் தரும் என்-லிஸ்ட் போன்ற வழிகள்தான். இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு வருத்தம் தருகிறது. ஆனால் அதைத் தீர்க்க அடுத்த கல்லூரியின் கடவுச்சொல்லை வாங்குவது வழி அல்ல.

ஏன் என்று என் அனுபவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வு மாணவர் ஒருவர் தன் கடவுச்சொல்லை வெளியூர் நண்பரிடம் கொடுத்துவிட்டார். அந்த நண்பர் ஒரே இரவில் ஓர் இதழின் பல ஆண்டு இதழ்களை வரிசையாகப் பதிவிறக்கினார். காலையில் எங்கள் கல்லூரி முழுமைக்கும் அந்தப் பதிப்பகத்தின் கதவு மூடிக்கிடந்தது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் மார்ச் மாதம். விளக்கக் கடிதம், மன்னிப்புக் கடிதம், உறுதிமொழி என்று 11 நாள் போயிற்று. தவறே செய்யாத 30 பேர் அந்த 11 நாளும் என் மேசைக்கு வந்து நின்றார்கள்.

ஆகவே மின்னிதழிலிருந்து வெளியூருக்கு ஒரு கட்டுரை அனுப்பும் முன் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைத் தேடுங்கள். நூலக இரவலுக்கு அனுமதி உண்டா, உண்டென்றால் அச்சிட்டு அனுப்ப வேண்டுமா, கோப்பாகவே அனுப்பலாமா? நேரில் வரும் வெளியாட்கள் நூலகக் கணினியில் படிக்கலாமா? பல ஒப்பந்தங்களில் இரண்டாவது இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. முன்கூட்டியே பேசி அனுமதி வாங்கிக்கொண்டு, மாணவரைக் கருப்பூருக்குப் பேருந்து ஏற்றி அங்கே உள்ள பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு நாள் உட்கார வைப்பது, பத்துக் கட்டுரைகளுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதைவிட விரைவு. மின்நூல்கள் என்றால் முழு நூல் இரவலுக்குப் பெரும்பாலும் இடமிருக்காது.

## உரிமை தீர்ந்தவை, திறந்தே கிடப்பவை

முதலில் தேட வேண்டியது இங்கேதான். ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூல் எல்லோருக்கும் சொந்தம். அரசு வெளியீடு என்றால் வெளியானதிலிருந்து 60. ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918-ஆம் ஆண்டு சேலம் கெஜட்டியரை (மாவட்ட விவர நூல்) முழுதாக ஸ்கேன் செய்து யாருக்கும் அனுப்பலாம். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கும் தடையில்லை. ஆனால் புதிய பதிப்பாசிரியரின் முன்னுரை, அடிக்குறிப்பு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்குத் தனி உரிமை உண்டு. பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. கட்டுரையாசிரியருக்கே ஒரு மின்னஞ்சல் போடுவதும் நல்ல வழி, பலர் இரண்டே நாளில் அனுப்பிவிடுகிறார்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | சட்டத்தில் பிடிமானம் | எத்தனை நாள் | மறைந்திருக்கும் செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| புத்தகத்தையே அனுப்புதல் | உறுதி | 1 முதல் 10 | இழப்பு, ஈரம், நம் மாணவருக்கு அந்த நாட்களில் இல்லை | முழு நூலும் வேண்டும், மறுபடி வாங்கக் கிடைக்கும் |
| சில பக்க நகல் | நல்லது, சீட்டு இருந்தால் | அன்றே | பைண்டிங், ஊழியர் நேரம் | ஓர் இயல், ஒரு கட்டுரை, ஒருவருக்கு |
| முழு ஸ்கேன் | மாற்றுத்திறனாளிகளுக்கு உறுதி, மற்றபடி ஒதுங்குக | வாரங்கள் | திருத்தும் உழைப்பு | பார்வையற்ற மாணவர், சிதையும் நூல் |
| சந்தா மின்னிதழ் | ஒப்பந்தம் சொல்வதுதான் | அன்றே | கல்லூரி முழுமைக்கும் முடக்கம் | நேரில் வந்து படிக்க முடிந்தால் |
| உரிமை தீர்ந்தவை | முழு விடுதலை | அன்றே | தேடும் நேரம் | எப்போதும் முதலில் |

## ஆத்தூர் மாணவிக்கு என்ன செய்தோம்

"எந்தப் பக்கம் வேணும்னு கேட்டுச் சொல்லுங்க" என்று நான் கேட்டதும் அரைமணி நேரத்தில் பதில் வந்தது. பேரினங்களைப் பிரித்தறியும் சாவியும் (செடியின் அடையாளங்களை வைத்துப் பெயரைக் கண்டுபிடிக்கும் பட்டியல்), இரண்டு பேரினங்களின் விவரிப்பும், ஆக 14 பக்கம். மாணவி கையெழுத்திட்ட சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். துணி மடித்து வைத்து 14 பக்கத்தையும் எடுத்து அன்று மாலை 5 மணிக்குள் அனுப்பிவிட்டேன். கூடவே, சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றி கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த பழைய நூலில் ஆர்க்கிட்டுகள் வரும் பகுதி முழுவதையும் அனுப்பினேன். 1915-க்கும் 1936-க்கும் இடையே வந்த நூல் அது. கேம்பிள் 1925-இலும் ஃபிஷர் 1950-இலும் இறந்துவிட்டார்கள். பெயர்கள் மாறியிருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்று குறிப்பும் எழுதினேன்.

1980களின் நூலை வெளியே அனுப்பவில்லை. எங்களிடம் இருப்பது ஒரே படி, போனால் கிடைக்காது. அடுத்த சனிக்கிழமை அந்த மாணவி அப்பாவோடு நேரிலேயே வந்தாள். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவள் மூன்று மணி வரை எழுந்திருக்கவில்லை. அப்பா வராந்தாவில் தினத்தாளை மூன்று முறை படித்திருப்பார். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டுவிட்டுப் போ என்று சொல்லி அனுப்பினேன். அவளுடைய சீட்டு கோப்பில் இருக்கிறது. 14 பக்க ஸ்கேனை அந்த வெள்ளிக்கிழமையே அழித்துவிட்டேன்.